பேச்சு நின்ற பக்கம்

பிரவுசருக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு வரும். பெரும்பாலானவர்களுக்கு அது திரையின் மூலையில் தோன்றும் ஒரு சிறு குறி. மூடித் திறக்கச் சொல்லும், செய்வார்கள், அதோடு மறந்துவிடுவார்கள். எனக்கு அது வேலை. வங்காளத்தில், சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு சிறிய கம்பெனியில் பதினாறு வருடமாக இணையப் பக்கங்கள் செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பதிப்போடும் ஒரு பட்டியல் வெளியாகும். மேலே புதிதாக வந்தவை, கீழே இனிமேல் இருக்காது என்று முடிவானவை. ஜாதவ்பூரிலிருந்து ஆபீஸ் வரும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் அந்தப் பட்டியலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பேன். என் கணவர் இதைக் கேலி செய்வார். அவர் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். நானும் அவரைக் கேலி செய்ய நிறைய இருக்கிறது.

அந்தப் பட்டியலில் எனக்கு அதிகம் பிடித்தது கீழ்ப்பாதிதான். ஒரு பழைய வசதியை எடுப்பதற்கு முன் அவர்கள் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். முதலில் 'இது பழையதாகிவிட்டது, இனி பயன்படுத்தாதீர்கள்' என்று சொல்வார்கள். அப்புறம் சில வருடம் சும்மா இருப்பார்கள். உலகத்தில் எத்தனை பக்கங்கள் இன்னும் அதை நம்பியிருக்கின்றன என்று அளந்து பார்ப்பார்கள். அந்த வசதியைத் தொடும் பக்கங்களைத் திறக்கும்போதெல்லாம், எங்களைப் போன்றவர்கள் மட்டும் பார்க்கிற கன்சோல் என்ற ஜன்னலில் மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கை வரும். இன்னும் அவகாசம் வேண்டுமென்று கேட்பவர்களுக்குக் கொஞ்ச காலம் கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் கை வைப்பார்கள். இந்த விவாதங்கள் எல்லாமே பொதுவெளியில் நடக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். முகம் தெரியாத இந்த மனிதர்கள்மேல் எனக்கு இருக்கிற மரியாதையை ஆபீஸில் யாரிடமும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை.

இப்போது சொல்லப்போகிற விஷயத்தில் தவறு முழுவதும் என்னுடையது. அவர்கள் எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஜாதவ்பூரில் ஒரு பேசும் புத்தக நூலகத்துக்காக எங்கள் கம்பெனி இலவசமாக ஓர் இணையதளம் செய்துகொடுத்தது. பார்வை இல்லாதவர்களுக்கான நூலகம். தன்னார்வலர்கள் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து புத்தகங்களை மைக்கில் வாசித்துப் பதிவு செய்வார்கள். அவற்றை வீட்டிலிருந்தே தேடி எடுத்துக் கேட்பதற்குத்தான் இந்தத் தளம். முழுவதையும் நானே எழுதினேன். அந்த வயதில் என்னை நம்பிக் கொடுத்த முதல் முழு வேலை அது. பெருமையாக இருந்தது. செய்து முடித்து ஒப்படைத்த பிறகு வருடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன். ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறதை ஏன் தொட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஜூலை மாதக் கடைசி. வெளியே மழை, ஆபீஸ் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். என் மேஜைக்கு ஒரு போன் வந்தது. நூலகத்தில் என் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். ஒரு பெண், வங்காள மொழியில் பேசினார். ஹவுராவில் பெண்கள் பள்ளி ஒன்றில் சரித்திர ஆசிரியை, பிறவியிலிருந்தே பார்வை இல்லை, நூலகத்தின் தளத்தை வாரத்தில் நாலைந்து நாள் பயன்படுத்துகிறவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். தளம் பேசுவதை நிறுத்திவிட்டது என்றார்.

நான் உடனே என் கம்ப்யூட்டரில் தளத்தைத் திறந்தேன். தேடினேன், புத்தகம் வந்தது. ப்ளே அழுத்தினேன், ஒலித்தது. எல்லாம் சரியாக இருக்கிறதே என்றேன். பழைய தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள் என்று, எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிற அந்தப் பதிலையும் சொன்னேன். அது மூன்று நாளைக்கு முன்பே செய்தாயிற்று என்றார் அவர், குரலில் எந்த மாற்றமும் இல்லாமல்.

அந்த நேரம் பார்த்து என் செல்போனில் அம்மா கூப்பிட்டாள். ஆபீஸ் ரிசீவரை மூடாமலே செல்போனை எடுத்து, "அப்பறம் பேசறேம்மா, வேலையா இருக்கேன்" என்று வைத்துவிட்டேன். அது ஆபீஸ் போனிலும் கேட்டிருக்கிறது. அந்தக் குரல் வங்காள மொழியை விட்டுவிட்டது.

"நீங்க தமிழா? நாங்களும் தமிழ்தான். தின்னவேலிப் பக்கம். அப்பா இங்க ரயில்வே வொர்க்‌ஷாப்ல ஃபிட்டரா இருந்தாவ."

நாங்கள் தஞ்சாவூர்க்காரர்கள், அப்பா பாங்க்கில் இருந்தார், நான் இந்த ஊரிலேயே லேக் பகுதியில் வளர்ந்தேன் என்று நானும் சொன்னேன். எனக்கு அப்போதே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இவ்வளவு நேரம் அவருக்கு ஆபீஸ் பதில் சொல்லிக்கொண்டிருந்தோமே என்று.

"ஒங்க கண்ணுக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்றார். "பாட்டு மாதிரி புக் ஓடும், அதுல ஒண்ணும் கொறையில்ல. நான் சொல்லுதது வேற. புக்க லிஸ்ட்ல சேத்தா 'சேந்துட்டு'ன்னு சொல்லும்லா, அது சொல்லல. சாப்டர் மாறினா சொல்லல. தப்பா டைப் பண்ணினாலும் சொல்லல."

அப்புறம் அவர் சொன்னதை நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். வீட்டு லாப்டாப்பில் ஒரு திங்கட்கிழமை பிரவுசர் தன்னை மாற்றிக்கொண்டு மறுபடி திறந்தது. அன்றிலிருந்துதான் இந்த மௌனம். பள்ளியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது, அதில் அப்டேட் ஆவதே இல்லை; அங்கே போய்ப் பார்த்தார், தளம் முன்போலவே பேசுகிறது. இரண்டிலும் ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள், ஒன்றேதான். ஆகவே கோளாறு ஸ்கிரீன் ரீடரில் இல்லை. இரண்டு பிரவுசர்களின் பதிப்பு எண்களையும் சொன்னார். எங்கள் ஆபீஸில் சம்பளம் வாங்குகிறவர்கள் எழுதும் புகார்களில் இதில் பாதித் தெளிவுகூட இருக்காது.

எனக்கு என்ன நடந்திருக்கும் என்று பிடிபடவில்லை. என் கம்ப்யூட்டரில் ஸ்கிரீன் ரீடரே இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

"நான் வாரேன். சனிக்கெழம லீவுதான். லாப்டாப்ப எடுத்துட்டு வாரேன், நீங்களே கேட்டுப் பாருங்க."

ஹவுராவிலிருந்து செக்டர் ஃபைவுக்கு அப்போது நேர் மெட்ரோ கிடையாது. ஆற்றுக்கு அடியில் எஸ்பிளனேடு வரை ஒரு துண்டு, சியால்டாவிலிருந்து இந்தப் பக்கம் ஒரு துண்டு, நடுவில் பஸ். நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றதற்கு, ஸ்டேஷன் வாசலில் நின்றால் போதும் என்றுவிட்டார். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு, தோளில் லாப்டாப் பையோடு, நான் நினைத்திருந்ததைவிட உயரமான ஒரு பெண் படியேறி வந்தார். என் வயதுதான் இருக்கும். நான் பேர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் என் குரலை அடையாளம் கண்டு என் பக்கம் திரும்பிவிட்டார். ஆட்டோக்காரரிடம் நான் பேரம் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருந்தது.

சனிக்கிழமை ஆபீஸ் பாதி காலி. மேஜையில் லாப்டாப்பை வைத்து, ஸ்கிரீன் ரீடரைப் போட்டார். அது பேசிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. எனக்காக வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறையுங்கள் என்றேன். குறைத்தார். பிறகு ஒரு காரியம் சொன்னார்.

"திரைய அணைச்சிருங்க. அது இருந்தா நீங்க பாத்துருவீங்க."

அணைத்தேன். இருட்டான திரையின் முன்னால் உட்கார்ந்து, நானே எழுதிய தளத்தில், ஒரு புத்தகத்தைத் தேடி என் பட்டியலில் சேர்க்க முயன்றேன். பட்டன் பெயரை ரீடர் சொன்னது. அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. அழுத்தினேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி மௌனம். மூன்றாவது முறை அழுத்திவிட்டுத் திரையைப் போட்டேன். அதே புத்தகம் பட்டியலில் மூன்று தடவை இருந்தது. ஒவ்வொரு தடவையும் மேலே பச்சைக் கட்டத்தில் 'புத்தகம் சேர்க்கப்பட்டது' என்று அழகாக எழுதிக் காட்டியிருந்தது. அவருடைய பட்டியலைப் பார்த்தேன். முகலாயர் காலம் பற்றிய ஒரு புத்தகம் ஐந்து முறை. பத்து நாளாக அவர் இந்த இருட்டில்தான் வேலை செய்திருக்கிறார்.

கன்சோலைத் திறந்தேன். சிவப்பு வரி ஒன்றுகூட இல்லை, மஞ்சளும் இல்லை. அந்தச் சுத்தத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. பிழை என்றால் சிவப்பு வரும். எச்சரிக்கை என்றால் மஞ்சள் வரும். எச்சரிக்கப்பட்ட பொருளே போய்விட்டால் எதுவும் வராது. பழைய நிரலை எடுத்துத் தேடினேன். இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. பக்கத்தில் புதிதாக ஏதாவது சேர்ந்தால் அந்த நொடியே பிரவுசர் குரல் கொடுக்கும் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் குறுக்கே குறுக்கே கூப்பிடும், அதனால் பக்கங்கள் மந்தமாகும். அதற்குப் பதிலாக, நடந்த மாற்றங்களைச் சேர்த்துவைத்து ஒன்றாகச் சொல்கிற நல்ல ஏற்பாடு ஒன்று வந்து பல வருடமாகிவிட்டது. பழையதை எடுக்கப்போகிறோம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கட்டணம் கொடுக்கும் எங்கள் வாடிக்கையாளர்களின் தளங்களிலெல்லாம் அதைத் தேடித் தேடி நானே மாற்றியிருந்தேன். நூலகத்துத் தளத்தில், பச்சைக் கட்டத்தின் செய்தியை ஸ்கிரீன் ரீடருக்கு எடுத்துக் கொடுக்கிற வேலையை அந்தப் பழைய ஏற்பாட்டிடம்தான் ஒப்படைத்திருந்தேன். பக்கத்தில் என் கையாலேயே ஒரு குறிப்பு: 'இப்போதைக்கு இப்படி, பிறகு சரி செய்ய வேண்டும்.'

எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். யாரோ எப்போதோ எழுதியது என்று சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் மழையில் மூன்று வண்டி மாறி வந்திருக்கிற ஒருவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இதை எழுதியது நான்தான், வருடக்கணக்காக எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது, நான் அந்தத் தளத்தின் கன்சோலைத் திறந்து பார்க்கவில்லை என்று சொன்னேன்.

பரவாயில்லை என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. இப்படிக் கேட்டார்: "சரி, இதே மாதிரி வேற எங்கெல்லாம் எழுதி வச்சிருக்கீங்க?"

அந்தக் கேள்விக்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறேன். இருவருமாகத் தேடினோம். அதாவது நான் தேடினேன், அவர் தளத்தில் தான் எங்கெங்கே தடுமாறுகிறார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பேச்சு நின்ற இடங்கள் நான்கு. புதிய ஏற்பாட்டுக்கு மாற்ற எனக்கு அரை மணிகூட ஆகவில்லை. மறுபடி திரையை அணைத்துவிட்டு அவரையே அழுத்தச் சொன்னேன். 'புத்தகம் சேர்க்கப்பட்டது' என்று ரீடர் சொன்னது. அவர் தலையை ஆட்டினார். பிறகு, உடனே, வேகத்தைத் தன் பழைய வேகத்துக்கு ஏற்றி வைத்துக்கொண்டார்.

கீழே கடையில் எலுமிச்சை டீ வாங்கி வந்தேன். குடித்துக்கொண்டே இருக்கும்போது அவர் சாதாரணமாக ஒன்று கேட்டார். அத்தியாயத்தைத் தேர்ந்தெடுக்கத் திறக்கும் பெட்டியில், புதிய முறை வந்திருக்கிறதாமே, அதைப் போட உத்தேசம் உண்டா என்று. எந்தப் புதிய முறை என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிரவுசரே தரும் பெட்டி, பட்டியலில் படித்தேன் என்றார்.

பட்டியலா என்று கேட்டேன். அவரும் அதைப் படிக்கிறார். ஒவ்வொரு பதிப்புக்கும், மேலிருந்து கீழ்வரை. ஜாதவ்பூர் பஸ்ஸில் நான் ஒருத்திதான் அதைப் படிக்கும் பைத்தியம் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். சரித்திர ஆசிரியைக்கு அது எதற்கு என்று கேட்டே விட்டேன்.

"அப்டேட் வந்தா எனக்கு வீட்டுல சாமான எடம் மாத்தி வச்ச மாதிரி. எத எங்க வச்சிருக்காவன்னு மொதல்லயே தெரிஞ்சுக்கிடணும்லா. பாதி புரியாது. புரிஞ்ச மட்டும் லாபம்."

பிறகு அந்தப் பெட்டியில் என்ன தொந்தரவு என்று காட்டினார். நான் எழுதிய பெட்டி கண்ணுக்கு முன்னால் நிற்கும். பின்னால் இருக்கும் பக்கம் மங்கிவிடும். ஆனால் அது கண்ணுக்கு மட்டும். ஸ்கிரீன் ரீடர் பெட்டிக்குள் போகாமல் பின்னாலிருக்கும் பக்கத்திலேயே அலையும். அவர் பதினொரு தடவை ஒரே விசையை அழுத்திப் பெட்டிக்குள் நுழைவார். மூடினால் பக்கத்தின் உச்சிக்குத் தூக்கிப் போட்டுவிடும். அங்கிருந்து மறுபடி வந்த இடத்துக்கு நடக்க வேண்டும். எத்தனை வருடமாக இப்படி என்றேன். ஆரம்பத்திலிருந்தே என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, இணையம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததாகச் சொன்னார்.

பிரவுசரே தரும் பெட்டி வந்து சில வருடமாகியிருந்தது. வேறு வேலைகளில் நான் அதைப் பயன்படுத்தியும் இருக்கிறேன். நூலகத்துக்கு மட்டும் தோன்றவேயில்லை. அடுத்த இரண்டு வாரம் மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து மாற்றினேன். என் பழைய பெட்டிக்காக நான் எழுதி வைத்திருந்தது முந்நூறு வரிக்கு மேல். எவ்வளவு சாமர்த்தியம் என்று அந்தக் காலத்தில் நானே மெச்சிக்கொண்ட வரிகள். அவ்வளவையும் அழித்துவிட்டு எழுதியது ஒரு கைப்பிடி. பெட்டி திறந்தால் பின்பக்கம் தானாகவே பூட்டிக்கொள்கிறது, ரீடர் அங்கே போக முடியாது. எஸ்கேப் அடித்தால் மூடுகிறது. மூடினால் எந்தப் பட்டனிலிருந்து வந்தோமோ அந்தப் பட்டனிலேயே கொண்டு நிறுத்துகிறது. ஒவ்வொரு ஊரிலும் என்னைப் போன்ற ஒருத்தி தனித்தனியாக எழுதி, தனித்தனியாகத் தப்பு செய்துகொண்டிருந்த ஒன்றை, யாரோ சிலர் வருடக்கணக்கில் வாதாடி, எல்லாருக்குமாக ஒரே தடவை சரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். இதைப் பெரிய காரியம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அவரைக் கூப்பிட்டு முயன்று பார்க்கச் சொன்னேன். போனிலேயே அவர் லாப்டாப் பேசுவது கேட்டது. திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார். ஏழெட்டு முறை. ஏதாவது கோளாறா என்று கேட்டேன். "இல்ல, சும்மாத்தான்" என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. வரப்போகும் பதிப்பை முன்கூட்டியே சோதிப்பதற்கென்று பீட்டா என ஒன்று கொடுப்பார்கள். அதை அவர் தன் லாப்டாப்பில் போட்டுக்கொண்டார். பட்டியல் வந்ததும் இருவரும் படிப்போம், போனில் பேசுவோம். நான் திரையை அணைத்துவிட்டு வேலை செய்யக் கற்றுக்கொண்டேன். இப்போது ரீடரின் நடுத்தர வேகம் எனக்குப் புரிகிறது, அவர் வேகம் இன்னும் புரியவில்லை. பக்கத்தை மூடும்போது பிரவுசர் கடைசியாக ஒரு முறை கூப்பிடும் பழைய ஏற்பாட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கப்போகிறார்கள் என்று ஒரு பட்டியலில் வந்தது. புத்தகத்தை எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பதை நூலகத் தளம் அந்தக் கடைசிக் கூப்பிடலில்தான் எழுதி வைத்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவர் எனக்கு போன் செய்வதற்கும் நான் அவருக்கு போன் செய்வதற்கும் பத்து நிமிடம்தான் வித்தியாசம். பக்கம் கண்ணிலிருந்து மறையும்போதே எழுதி வைக்கும்படி அந்த வாரமே மாற்றிவிட்டேன். கேட்டவர்கள் யாருக்கும் ஒரு வரிகூடத் தவறவில்லை. செல்போனில் கேட்கிறவர்கள் இடம் தொலைந்துபோகிறது என்று முன்பெல்லாம் சொல்வார்கள், அதுவும் நின்றது.

அடுத்த வருடம் பட்டியலின் மேற்பாதியில் ஒரு நல்ல செய்தி வந்தது. நிரல் எதுவும் எழுதாமலே ஒரு பட்டனைக் கொண்டு பெட்டியைத் திறக்கலாம், மூடலாம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பீட்டாவில் ஒரு சோதனைப் பக்கம் செய்து அவருக்கு அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது. மூடினால் சில சமயம் பட்டனுக்குத் திரும்பாமல் பக்கத்தின் உச்சிக்குப் போய்விடுகிறது என்றார். நான் இருபது தடவை செய்து பார்த்தேன், சரியாகத்தான் திரும்பியது. முன்பு ஒரு முறை எல்லாம் சரி என்று சொன்னவள், இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரி பிடித்து ஹவுராவுக்குப் போனேன்.

அவர் வீடு மூன்றாவது மாடி. அம்மாவும் அவரும் மட்டும். அம்மா எனக்கு இட்லி வைத்துவிட்டு, இவ்வளவு நாள் கழித்து வீட்டுக்கு வந்த தமிழ்ப் பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்தாள். பிறகு நாங்கள் ஒரு பட்டனும் ஒரு பெட்டியும் மட்டுமே உள்ள அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் செய்யும் ஒவ்வொன்றையும் நான் எழுதினேன். எந்த விசையால் திறந்தார், எதனால் மூடினார், என்ன ஆயிற்று. முப்பது முறைக்கு மேல் ஆனது. தாளில் ஓர் ஒழுங்கு தெரிய ஆரம்பித்ததை நான் பார்ப்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்.

"எண்டர்ல தொறந்தா ஒழுங்கா வருது. ஸ்பேஸ்ல தொறந்து எஸ்கேப்ல மூடினா மட்டுந்தான் மேல ஓடுது. நீங்க எண்டர்தான அடிப்பீங்க?"

நான் எண்டர்தான் அடிப்பேன். பிறந்ததிலிருந்து வேறு எதையும் அடித்ததில்லை.

பிரவுசர் செய்பவர்களிடம் இதை நான் எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கண்டுபிடித்தது நான், நானே எழுதுகிறேன் என்றார். ஆங்கிலத்தில், எண் போட்டு, ஆறு படிகளாக எழுதினார். என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கிறது, எந்தப் பதிப்பு, எந்த ரீடர். நான் ஓர் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. யார் என்று கேட்கும் இடத்தில் பள்ளி ஆசிரியை என்று எழுதினார். பொறியாளர் இல்லை என்று தெரிந்தால் கண்டுகொள்ளமாட்டார்களோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது, சொல்லவில்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது. உலகத்தின் வேறு மூலையிலிருந்து யாரோ ஒரு பொறியாளர். எங்களிடம் இது நடக்கவில்லை, உங்களால் ஒலிப்பதிவு அனுப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். ஆசிரியை அனுப்பினார். தன் வேகத்திலேயே. எனக்காகக் குறைத்தது போல் மெதுவாக்க வேண்டாமா என்று கேட்டேன்; இந்த வேலை செய்கிறவர்களுக்குப் புரியும் என்றார். புரிந்தது. அந்தப் பக்கத்திலும் பார்வை இல்லாத ஒருவர்தான் அதைக் கேட்டாராம், பதிலில் எழுதியிருந்தார்கள். மறுநாள் 'எங்களுக்கும் நடக்கிறது, நன்றி' என்று இன்னொரு வரி. அதற்குப் பிறகு சில வாரம் ஒன்றும் இல்லை. அவர் ஒரு முறைகூட நினைவூட்டவில்லை. விடைத்தாள் திருத்தும் காலம் அது, நேரமும் இல்லை.

பட்டியல் வந்த அன்று நான் பஸ்ஸில் இருந்தேன். புதியவை, நீக்கப்பட்டவை எல்லாம் தாண்டி, கடைசியில் சரிசெய்யப்பட்ட சின்னக் கோளாறுகள் என்று பொடி எழுத்தில் ஒரு வரிசை. அதில் ஒரு வரி. விசைப்பலகையால் திறக்கப்பட்ட பெட்டி மூடும்போது கவனம் திரும்பும் இடம் சரிசெய்யப்பட்டது. அவ்வளவுதான். யார் சொல்லி என்று இல்லை, அப்படி எழுதுவது அவர்கள் வழக்கமும் இல்லை. நான் அந்த வரியை மூன்று தடவை படித்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் காட்ட வேண்டும் போல இருந்தது.

உடனே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவரே படித்துக்கொள்ளட்டும் என்று பேசாமல் இருந்தேன். மதியம் ஒன்றரை மணிக்கு அவரே கூப்பிட்டார். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல், யாரோ 'திதிமணி, திதிமணி' என்று, டீச்சரைக் கூப்பிடும் வங்காளச் சொல்லால், அவரை அழைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு லாப்டாப்பைப் பள்ளிக்கு எடுத்துவந்திருக்கிறார், காலையில் அப்டேட் ஆனது, ஸ்பேஸில் திறந்து எஸ்கேப்பில் மூடிப் பார்த்தார்.

"சரியாயிட்டு" என்றார்.

நான் ஏதேதோ சொன்னேன். இந்த பிரவுசரைத் திறக்கிற கோடிக்கணக்கான பேருக்கு நீங்கள் செய்த காரியம் இது, அவர்களில் ஒருவருக்கும் தெரியாது என்றெல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். அடுத்த பதிப்பின் பீட்டா வந்துவிட்டது, அதில் தேதி தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் ஏதோ மாற்றியிருக்கிறார்கள், சாயங்காலம் பேசலாமா என்று கேட்டார். அதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த பீரியட் எட்டாம் வகுப்புக்கு என்று சொல்லி வைத்துவிட்டார்.